கண்மாய்க்கரையில் நான் உதறிய துண்டு

இயற்கையை ரசிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது திருச்சியில் குமாஸ்தா வேலை. சாயங்காலமானால் காவிரிப் பாலத்தில் நின்று சூரியன் மறைவதைப் பார்ப்பேன், ஒரு பெருமூச்சு விடுவேன், அப்புறம் ஓட்டலில் காபி குடித்துவிட்டு ரூமுக்குப் போவேன். இதற்கு ரசனை என்று பெயர் வைத்திருந்தேன். (பெருமூச்சு முக்கியம். பக்கத்தில் யாராவது நின்றால் கொஞ்சம் பலமாகவே விடுவேன்.)

ஐம்பதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், எனக்கும் சிவகாமிக்கும் கல்யாணம் ஆயிற்று. அவள் ஊருக்குக் கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். அங்கே ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. ஒரே ஒரு கண்மாய். வானம் பெய்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஊருக்குச் சோறு போடுவது அதுதான்.

தலைதீபாவளிக்குப் போனபோது ஐப்பசி மழையில் கண்மாய் கரை தொட நின்றது. நான் போய்ப் பார்த்துவிட்டு, பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரைக்கு ஆபத்து இருக்காதே என்று மாமனாருக்கு யோசனை சொன்னேன். மரியாதை தெரிந்த மனிதர். "ஆகட்டும் மாப்ள, பாப்பம்" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைக் குளிர் என்று நினைத்தேன்.

தலைப்பொங்கலுக்குப் போனபோது வயலெல்லாம் விளைந்து தலைசாய்ந்து கிடந்தது. தண்ணீர் பாதிக்கு இறங்கி, ஓரச் சேற்றில் பறவைகள் மேய்ந்தன. எல்லாவற்றையும் கொக்கு என்றேன். சிவகாமி சிரிக்காமல் நாரை, உள்ளான், நீர்க்கோழி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னாள். பங்குனியில் போனபோது கண்மாய் இன்னும் சுருங்கியிருந்தது. இலுப்பைப் பூ உதிர்ந்து கரை முழுக்க ஒரு மயக்கும் இனிப்பு வாசனை. அன்றைக்குப் பெருமூச்சு விட மறந்துபோனேன். திருச்சியில் நான் தினமும் பார்த்தது ஒரே சூரியனை. இங்கேயோ ஒரே கண்மாய், போகும்போதெல்லாம் வேறொன்றாக இருந்தது. மாமனார் வீட்டு விருந்துக்காக மட்டும்தான் நான் போகிறேன் என்று என் அலுவலக நண்பர்கள் சொன்னது பாதி உண்மைதான்.

வைகாசியில் ஆள் வந்து கூப்பிட்டது. கண்மாய் முழங்காலளவுக்கு வற்றிவிட்டது, மீன் பிடிக்கப் போகிறார்கள், மாப்பிள்ளை வந்தே ஆக வேண்டும்.

அதற்கு ஒரு முறை இருந்தது. சுற்று வட்டார ஜனமெல்லாம் கரையில் வந்து நிற்கும். ஊர்த் தலைவரை அம்பலம் என்பார்கள். அவர் கரைமேல் இருக்கும் அய்யனாருக்குச் சூடம் காட்டிவிட்டு, மடைமேட்டில் ஏறி வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு வீசியதும் எல்லாரும் ஒன்றாக இறங்கலாம், பிடித்தது பிடித்தவருக்கு. விற்கக் கூடாது, வீட்டில் குழம்பாக வேண்டும்.

அந்த வருஷம் இன்னொரு விஷயமும் இருந்தது. பக்கத்து மேலப்பட்டிக்காரர்களுக்கும் இந்த ஊருக்கும் மடைத் தண்ணீரில் மனஸ்தாபம். மூன்று வருஷமாக அவர்கள் மீன்பிடிக்கு வரவில்லை. பெண் கொடுத்து எடுத்த வீடுகளுக்குள்கூடப் பேச்சு நின்றுபோயிருந்தது. என் மாமனார்தான் வெற்றிலை பாக்கோடு மூன்று தடவை நடந்து போய், அவர்களை வரச் சம்மதிக்க வைத்திருந்தார். "நீங்க கரை ஏறாம துண்டு விழாதுன்னு அவங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் மாப்ள" என்று முந்தின நாள் என்னிடம் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அதனால் அந்த வாக்கின் கனம் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலையில் மாமியார் புது வேட்டியும் புது வெள்ளைத் துண்டும் எடுத்துக் கொடுத்தார். சலவை மடிப்புக் கலையாமல் கரைக்குப் போனேன். நானூறு ஐநூறு பேர் இருக்கும். ஊத்தா என்னும் மூங்கில் கூடை, வலை, பழைய சேலை, எதுவும் கிடைக்காதவர்கள் வெறும் கை என்று கரை நெடுக நின்றார்கள். எனக்கு அந்தக் காட்சியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. உயரமான இடம் எது என்று தேடினேன். மடைமேடு காலியாக இருந்தது. (ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கிறவனுக்குப் பெயர் புத்திசாலி.) அங்கே நின்ற மரத்தின் தாழ்ந்த கிளையில் துண்டைப் போட்டுவிட்டு, நிழலில் நின்று பார்த்தேன்.

மேலப்பட்டியார் இன்னும் வரவில்லை. அம்பலம் அய்யனார் முன்னால் குனிந்து சூடத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மாமனார் கரையின் கடைசியில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிற்று. நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன்.

அந்தக் கிளையில் முசுறு இருந்தது. முசுறு என்பது மரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்பு. கடித்தால் கடித்த இடத்திலேயே தொங்கும். ஒன்று காதுக்குப் பின்னால், இரண்டு கழுத்தில், மிச்சம் எல்லாம் சட்டைக்குள். நான் துண்டை உருவி, தலைக்கு மேல் தூக்கி, பலங்கொண்ட மட்டும் உதறினேன்.

மேற்குக் கரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அடுத்த நொடி ஊரே கண்மாய்க்குள் இருந்தது.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே, இன்னும் பலமாகத் துண்டை ஆட்டினேன். தயங்கி நின்ற பத்துப் பேரும் அதைப் பார்த்து இறங்கிவிட்டார்கள். அம்பலம் ஒரு கையில் தீப்பெட்டியும் ஒரு கையில் குச்சியுமாக நிமிர்ந்தார். கொளுத்தாத சூடம் அப்படியே இருந்தது. அவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் துண்டை, பிறகு தன் தோளில் கிடந்த துண்டை. நான் மேட்டிலிருந்து அவசரமாக இறங்கப் போய், வழுக்கி, சலவை வேட்டியோடு இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்தேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் மேலப்பட்டியார் வந்தார்கள்.

நாற்பது பேர் இருக்கும். கரைமேல் ஏறி அப்படியே நின்றார்கள். கண்மாய் முழுக்கத் தலை. முன்னால் நின்ற பெரியவர், என் மாமனாரைப் பார்த்து ஒரே வார்த்தை கேட்டார். "இதானா?"

மாமனார் தலை குனிந்து நின்றார். தப்பு செய்தது மாப்பிள்ளை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மேலப்பட்டியாரில் சிலர் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு திரும்பத் தொடங்கினார்கள்.

எனக்கு அன்றைக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. சேற்றிலிருந்து எழுந்து, ஒற்றைச் செருப்போடு கரையேறி, அவர்கள் முன்னால் போய் நின்றேன். "மாமா வாக்குத் தவறல. துண்டு போட்டது நான். முசுறு கடிச்சுது, உதறிட்டேன்" என்றேன். யாரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை. சட்டையைக் கழற்றினேன். முதுகைத் திருப்பிக் காட்டினேன். இரண்டு எறும்பு இன்னும் தொங்கிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பெரியவர் கிட்ட வந்து பார்த்தார். அவரே ஓர் எறும்பைப் பிடுங்கிப் போட்டார்.

"யாரு இந்தப் புள்ள?"

"எம் மாப்ள" என்றார் மாமனார். அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொன்ன விதத்துக்காக இன்னொரு கிளை முசுறைக்கூட நான் தாங்கியிருப்பேன்.

"திருச்சியா? நெனச்சேன்" என்றார் பெரியவர். "முசுறு கடிச்சா அய்யனாரே ஒதறுவாரு. எறங்குங்கப்பா."

நாற்பது பேரும் இறங்கினார்கள். அம்பலம் தாமதமாகச் சூடம் காட்டினார்; அய்யனார் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என் கையிலும் ஓர் ஊத்தாவைக் கொடுத்தார்கள். மதியம் வரை சேற்றில் குத்திக் குத்தி, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கெண்டை பிடித்தேன். (தவளைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.) பொழுது சாய்வதற்குள் மேலப்பட்டிப் பெரியவர் வீட்டிலிருந்து முழங்கை நீள விரால் ஒன்று வந்தது, மாப்பிள்ளைக்கு என்று சொல்லி. மாமியார் வைத்த குழம்பைவிட, அந்த விராலைத் தன் வீட்டு வாசலில் வாங்கிக்கொண்ட மாமனாரின் முகம்தான் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த தை மாதம் இரண்டு ஊருக்கும் நடுவில் இரண்டு கல்யாணம் நடந்தது. நான் கணக்குப் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ஊரில் வருஷத்துக்கு எண் கிடையாது. பெரும் புயல் அடித்த வருஷம், உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு உடைந்த வருஷம் என்றுதான் பேச்சு. ஐந்தாறு வருஷம் முன்னால் ஏதோ மனு விஷயமாக அங்கே போய், கிராம அலுவலகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர். அலுவலர் அவரிடம் வயது கேட்டார்.

"மாப்ள துண்டு ஒதறின வருசம் நான் கைப்புள்ளைங்க" என்றார் அவர்.

"எந்த மாப்ள?"

"திருச்சிக்காரராம். இப்ப இருக்காரோ, இல்லையோ."

கலெக்டர்கள் வந்து போயிருக்கிறார்கள், மந்திரிகள் வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் பெயரில் அந்த ஊரில் ஒரு வருஷமும் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடக்கம் கருதி வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சிவகாமியிடம் சொன்னேன். பேரப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"இருக்காருன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "வெள்ளைத் துண்டுதான் அவரு கையில குடுக்கிறதில்லன்னும் சேத்துச் சொல்லியிருக்கணும்."

வாஸ்தவம்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாக எனக்குக் காவித் துண்டுதான்.