மூன்று சொட்டு மகிமை

மலையேற வந்தவர்கள் மலையை மறந்துவிட்டு, அடிவார விடுதியின் கூடத்தில் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வாசனை ஐயா எழுந்தருளியிருந்தார். வெள்ளை ஜிப்பா, மேசை நிறைய குட்டிக் குட்டி பாட்டில்கள், தேன் தடவிய குரல்.

"நாறுறது வியர்வை இல்லை, போன பிறவிப் பாவம்! சோப்பு தோலைத்தான் கழுவும். நான் ஓதின லாவெண்டர் தைலம் மூணே சொட்டு! குளிக்க வேணாம், கை கழுவ வேணாம், சாக்ஸ் மாத்த வேணாம். கிருமி கிட்ட வராது!"

குளிக்க வேண்டாம் என்று ஒரு மகான் சொன்னால் கசக்குமா? கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

கைதட்டியவர்களில் கணக்கு வாத்தியாரும் ஒருவர். வழிமுறை எழுதாத விடைக்கு மதிப்பெண்ணே தராத மனிதர். ஐயாவிடம் மட்டும் வழிமுறை கேட்கவில்லை. முதல் நாள் நடையில் வாத்தியாரின் குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. கழுவாமல் தைலத்தையே ஊற்றினார். கால் சிவந்து வீங்கி, ஷூவுக்குள் போக மறுத்தது.

"பாவம் வெளியே வருது," என்றார் பரவசமாக.

"வர்றது சீழுங்க," என்றாள் மனைவி. "சோப்புப் போட்டுக் கழுவிட்டு டாக்டர்கிட்ட போலாம், வாங்க."

"ஐயா சொல்லாம வரமாட்டேன்."

காய்ச்சல் வேறு அடித்தது. இனி இவரிடம் பேசிப் பயனில்லை என்று, அவள் இரண்டு துணிப்பைகளோடு நேரே கூடத்துக்குப் போனாள்.

"ஐயா, நீங்க ஓதின தைலம் எதுல பட்டிருக்குன்னு மோந்தே சொல்லிடுவீங்களா?"

"கண்ணைக் கட்டிக்கிட்டே சொல்லுவேன் தாயே!"

வாயைக் கொடுத்தாகிவிட்டது. கூட்டமே கண்ணைக் கட்டிவிட்டது.

முதல் பையை முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "ஆகா! என் மந்திரம் மணக்குது. இது புண்ணிய ஆத்மாவோட சாக்ஸ்!"

இரண்டாவது பை. தலை பின்னால் போனது. "சீச்சீ! மகா பாவி! தைலமே படாத கால். ஏழு பிறவி நாத்தம்!"

கட்டை அவிழ்த்தார்கள். "முதல்ல இருந்தது எங்க வீட்டுக்காரரோடது. விடுதி லாவெண்டர் சோப்புல நான் துவைச்சது. ரெண்டாவது, கூடத்து வாசல்ல ஒரு ஷூவுக்குள்ள கழட்டி வச்சிருந்தது..." அவள் முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த சீடர் பதறினார்.

"ஐயா, அது உங்களோடதுங்க! காலையில நான்தானே சொட்டு விட்டேன்!"

கூடம் கொல்லென்று சிரித்தது. மனைவி பின்னாலேயே வந்திருந்த கணக்கு வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே குழாயடிக்குப் போய்க் காலை நீட்டினார். "சோப்பு குடும்மா," என்றார் சின்னக் குரலில். கழுவிவிட்டு, கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

வாசலில் ஒரு பக்தர் மூக்கைப் பொத்தியபடியே மறித்தார். "நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க. நம்ம பாவத்தையெல்லாம் ஐயா தன் சாக்ஸ்ல வாங்கிக்கிட்டாரு!"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூக்கைப் பொத்திக்கிறது உங்க இஷ்டம் சார். கூடவே மூளையையும் ஏன் பொத்திக்கிறீங்க?"