ஐம்பத்தெட்டு கிலோ

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுங்களா. காகிதத்திலே மலையேறிய ஒரு மனிதரின் கதை சொல்கிறேன்.

பார்சல் ஆபீசில் எடை போடுபவர் அவர். விடிந்ததிலிருந்து கையில் பென்சிலும் காகிதமுமாக, கூடத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். மலைமேல் பள்ளிக்கூடத்தில் மனைவிக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. மூன்று வருடம் காத்திருந்து வந்த அழைப்பு. அன்றைக்கென்று பார்த்து பஸ் ஓடாது என்று முந்தின நாள்தான் தெரிந்தது. "நான் கொண்டுபோய் விடறேன்" என்று சொல்லிவிட்டு, நண்பரிடம் மின்சார பைக்கை இரவல் வாங்கி வந்திருந்தார்.

பேட்டரி உச்சிவரை தாங்குமா? அதைக் கணக்குப் போட எடை தெரிய வேண்டும்.

"ஏம்மா, நீ எத்தனை கிலோ?"

தலைவாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே வைத்தாள். "ஐம்பத்தெட்டு."

"அது போன வருஷமா, இந்த வருஷமா?"

அவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று, ஆபீசிலிருந்து முந்தின நாளே தூக்கிவந்திருந்த எடை மெஷினை அவள் முன்னால் வைத்தார். "சந்தேகமெல்லாம் இல்லம்மா. சும்மா ஒரு தடவை ஏறி நில்லு."

"நான் என்ன பார்சலா? சீல் வேற குத்துவீங்களா?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மணி எட்டு.

எதற்கும் இருக்கட்டும் என்று அறுபத்தைந்து என எழுதினார். உடனே பேட்டரி இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றது. எடையைக் குறைக்க வண்டியின் கண்ணாடியைக் கழற்றினார், மட்கார்டைக் கழற்றினார், ஸ்டாண்டையும் கழற்றினார். ஸ்டாண்டு போன வண்டி சும்மா இருக்குமா? தடாலென்று சாய்ந்து, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைத் திண்ணையில் எடுத்துவைத்திருந்த அவளுடைய சான்றிதழ்கள்மேல் கொட்டியது. துடைத்து, விசிறி, காயவைத்துக் கிளம்புவதற்குள் மணி ஒன்பதாகிவிட்டது.

"நல்லா கணக்குப் போடறீங்க," என்றாள் அவள், பின்சீட்டில் ஏறி முகத்தைத் திருப்பிக்கொண்டு.

காகிதத்தின்படி உச்சியில் கொஞ்சமாவது பேட்டரி மிச்சமிருக்க வேண்டும். பாதி மலை தாண்டியதுமே வண்டி ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. பத்துக்கு இன்னும் இருபது நிமிடம்.

"அறுபத்தஞ்சும் பத்தல போல. இப்பவாவது உண்மையைச் சொல்லும்மா."

அவள் வண்டியை விட்டு இறங்கினாள். கீழேயிருந்து வந்த பால் வேனைக் கைகாட்டி நிறுத்தி, பத்து மணிக்குள் பள்ளிக்கூடம் போகணும் என்றாள்.

"ஒருத்தருக்குத்தான் இடம். பத்துக்குள்ள விட்டுடறேன், ஏறுங்கம்மா," என்றார் டிரைவர். ஏறிக்கொண்டாள்.

எடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. ஜன்னல் வழியே காகிதத்தை நீட்டினார். "நீங்களே பாருங்கண்ணே. ஒரு கிலோ விடாம எழுதியிருக்கேன். தப்பு யார்மேலன்னு நீங்களே சொல்லுங்க."

டிரைவர் விரல் வைத்துப் படித்தார். "வண்டி, பேட்டரி, வீட்டம்மா, அவங்க செருப்பு, சான்றிதழ் பை..." காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் சார். வண்டியை யார் ஓட்டிட்டு வந்தது?"

உங்கள் வீட்டு வண்டி வழியில் நிற்காமல் ஓடட்டும், கண்ணுங்களா. உங்கள் வீட்டுப் பெண்கள் நினைத்த உயரத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரட்டும்.