ஏழாவது பட்டன்

கணக்கு வாத்தியார் கோர்ட் உத்தரவை வலது கையால் வாங்கிவிட்டார். முதல் தப்பு அதுதான்.

ஒன்பது மாதமாகத் தோளுக்கு மேல் எழும்பாத கை அது. கூரியர்க்காரர் கம்பிக் கதவுக்கு மேலாக உறையை நீட்ட, இவர் பாட்டுக்கு எட்டி வாங்கிவிட்டார். நல்லவேளை, ஜன்னலில் நின்ற மனைவி அந்த நேரம் பார்த்து அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"என்னங்க அது?"

"கோர்ட்லேர்ந்து. எதிர்த்தரப்பு டாக்டர் என் கையைப் பரிசோதிக்கணுமாம். புதன்கிழமை."

"நல்லதுதானே. எப்ப சரியாகும்னு அவராவது சொல்லட்டும்."

வாத்தியார் உறையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். கை சரியாகி ஐந்து மாதம் ஆகிறது. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவள் வீட்டைவிட்டுப் போனது இந்தக் கதைக்கெல்லாம் முன்னால். "துணி துவைக்கிறது, சமைக்கிறது, கோபப்படறது, எல்லாத்தையும் நீங்களே தனியா செஞ்சுக்கறீங்க. எனக்குன்னு என்ன மிச்சம் வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள் இரண்டு வருடம் திரும்பவில்லை. வாத்தியார் தினமும் சாயங்காலம் அவள் நம்பரை அழுத்துவார், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவார். சாப்பிடும்போது எதிர் நாற்காலியைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் மரச்சாமான் கடையில் ஒரு பீரோ சாய்ந்து அவர் தோளில் விழுந்தது. பக்கத்து வீட்டு வக்கீல் கடைமேல் கேஸ் போட்டார். மறுநாளே மனைவி பெட்டியோடு வந்து நின்றாள்.

"கை சரியாகிற வரைக்கும்தான்," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. அதை அவள் முழுசாகக் காலி செய்யவே இல்லை. வாத்தியார் தினமும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்.

கட்டுப் பிரித்து, கை சரியானபோது, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இடது கையாலேயே எழுதினார். அவர் போடும் வட்டமெல்லாம் பூசணிக்காயாக வந்தது. பிள்ளைகள் பூசணிக்காய்க்கே பரப்பளவு கண்டுபிடித்தார்கள்.

அவர் இத்தனை பாடுபட்டது காலை ஏழரை மணிக்காக. அப்போதுதான் அவள் எதிரே நின்று அவர் சட்டைக்குப் பட்டன் போடுவாள். ஆறு பட்டன். அவள் தலை இவர் மோவாய்க்குக் கீழே இருக்கும். ஆறு போதவில்லை என்று தையற்காரரிடம் சொல்லி எல்லாச் சட்டையிலும் ஏழாவதாக ஒன்று வைத்துக்கொண்டார்.

இப்போது அதற்கு உலை வைக்க ஒரு டாக்டர்.

வாத்தியார் வக்கீலிடம் ஓடினார். "கேஸை வாபஸ் வாங்கிடலாமா?"

"தாராளமா. கை பூரண குணமாயிடுச்சுன்னு காரணம் எழுதி, வீட்டுக்கு ஒரு நகல் அனுப்பிடறேன்."

"ஐயோ, வேண்டாம்! நான் பரிசோதனைக்கே போறேன்."

வக்கீல் என்ன புரிந்துகொண்டாரோ, வாத்தியார் வீடு வந்து சேர்வதற்குள் அவர் மனைவிக்குப் போன் செய்துவிட்டார். "அவர் ரொம்பப் பயந்துபோயிருக்கார்மா. தனியா அனுப்பாதீங்க."

தனியாகப் போய் டாக்டரின் காலில் விழுந்தாவது சமாளிக்கலாம் என்றிருந்தவருக்கு அந்த வழியும் அடைபட்டது.

புதன்கிழமை, கிளினிக்குக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் சீறிக்கொண்டு வந்தது. வாத்தியார் சட்டென்று வலது கையைத் தூக்கி அதை நிறுத்தினார். பகீரென்றது. அவளோ கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கிளினிக் கதவின் தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தது. பதற்றத்தில் அதையும் வலது கையாலேயே இழுத்தார். அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வராந்தாவில் அவள் குடையை வாங்கி மேலே இருந்த கொக்கியில் மாட்டிய பிறகுதான் எந்தக் கை என்று நினைவு வந்தது. அவள் அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு நமக்கு நல்ல நாள்தான் என்று வாத்தியார் நெற்றியைத் துடைத்தார். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

உள்ளே டாக்டர், "சட்டையைக் கழற்றிட்டு, முடிஞ்ச வரைக்கும் கையைத் தூக்குங்க," என்றார்.

வாத்தியார் கையை நேராகக் கூரையைப் பார்க்கத் தூக்கினார். "நல்லாயிருக்கு டாக்டர். அஞ்சு மாசமா நல்லாயிருக்கு. கோர்ட்டுக்கு என்ன வேணா எழுதிக்குங்க. என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன். கேஸ் போட்டவங்க எல்லாரும் என்கிட்ட வந்து ஐயோ அம்மான்னுதான் கத்துவாங்க. நல்லாயிருக்குன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான். பீரோ தலையிலயும் விழுந்துதா?"

"இல்ல டாக்டர்."

"எதுக்கும் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். வீட்டம்மாவைக் கேட்டா தெரிஞ்சுடும்." மணியை அடித்தார்.

"கூப்பிடாதீங்க! கை சரியானா அவ போயிடுவா டாக்டர். மறுபடி அந்த வீட்டுல தனியா உட்கார்ந்து என்னால சாப்பிட முடியாது."

அதற்குள் அவள் உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே வாட்ச்மேனும் நோட்டோடு வந்து நின்றார். வாத்தியாரின் கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் மெதுவாகக் கையை இறக்கினார்.

"ஏம்மா, இவர் கையைத் தூக்கி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"நான் பார்த்ததே இல்ல டாக்டர்."

வாத்தியாருக்கு உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. தன்னை இப்படி நம்புகிறவளை ஏமாற்றி என்ன வாழ்க்கை? "இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என் கை..."

"முதல்ல சட்டையைப் போடுங்க. சளி பிடிக்கும்." அவள் சட்டையை மாட்டிவிட்டு முதல் பட்டனில் ஆரம்பித்தாள்.

"பரவாயில்ல," என்றார் டாக்டர். "என் பரிசோதனை இந்த ரூம்ல ஆரம்பிக்கறதில்ல. வெளியிலேயே ஆரம்பிச்சுடும். வாட்ச்மேன், நோட்டைப் படிங்க."

வாட்ச்மேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரோட்டுல பைக்கை நிறுத்தினது, வலது கை. கதவுத் தாழ்ப்பாள், வலது கை. குடை மாட்டினது, வலது கை."

அவள் விரல்கள் ஏழாவது பட்டனில் நின்றன. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி இப்போதே வாசலுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் டாக்டர்.

"இன்னொண்ணும் எழுதியிருக்கேன் டாக்டர்," என்று வாட்ச்மேன் பக்கத்தைத் திருப்பினார். "சார் கையைத் தூக்கும்போதெல்லாம் அம்மா முதல்ல பார்க்கறாங்க, தனக்குள்ளயே சிரிச்சுக்கறாங்க, அப்புறம்தான் வேற பக்கம் திரும்பிக்கறாங்க."