ஷைனியைப் பேசவைத்த சரித்திரம்

புதுவாயல்,
திங்கட்கிழமை காலை.

கோயமுத்தூரில் நர்ஸ் உத்தியோகம் பார்க்கும் மூத்த மருமகள் சோனியாவுக்கு, தாய்மாமன் பாக்கியநாதன் ஆண்டவர் கிருபையை முன்னிட்டு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சர்க்கரை வியாதியும் நலம். அங்கு நீயும் உன் வார்டில் படுத்திருப்பவர்களும் நலமென்று நம்புகிறேன். நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக நம்பகமான வட்டாரத்திலிருந்து தகவல் வந்தது. ஆகவே கடிதம். இதை யாராலும் வேகமாக ஓட்ட முடியாது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஷைனி ஒரு வார்த்தை பேசலைன்னா நான் வந்து என்னோட கூட்டிக்கினு போய்டுவேன்" என்று போனில் மிரட்டினாயே, அந்த விஷயத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ராபின் அந்தப் பெயிண்ட் கிடங்குத் தீயை அணைக்கப் போய் உயிரை விட்டதிலிருந்து உன் தங்கை வாயைத் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். சோறு வைத்தால் சாப்பிடுகிறாள், கூப்பிட்டால் திரும்புகிறாள், பேச்சும் இல்லை, அழுகையும் இல்லை. பாஸ்டர் வந்தார், அதிகாரிகள் வந்தார்கள், கட்சிக்காரர்கள் மாலையோடு வந்தார்கள், எல்லாரும் அவள் புருஷன் மாவீரன் என்றார்கள், அதற்கெல்லாம் தலையை ஆட்டினாள். நான் சும்மா இருப்பேனா? திட்டட்டும் என்று வேண்டுமென்றே காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். மருமகளே, உருக்காலையில் கொதிக்கிற இரும்பைக் கையெட்டும் தூரத்தில் பார்த்தவன் நான். அந்தக் காலி டம்ளரைப் பார்த்துத்தான் பயந்துபோனேன். இந்தப் பெண் இப்படியே உள்ளுக்குள் போய்விடுமோ, நீயும் வந்து கூட்டிப் போனால் கோயமுத்தூரில் ஒரு அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுமோ என்று.

அந்த நேரத்தில்தான் பள்ளிப்பட்டிலிருந்து தமிழ்செல்வி என்கிற அம்மா போன் செய்தார். அவர் வீட்டுக்காரரும் தீயணைப்பில் இருந்து டூட்டியிலேயே போனவர். அப்படிப் பறிகொடுத்த பெண்கள் சிலர் சேர்ந்து, புதிதாக இழந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவார்களாம். ஆறுதல் கூட்டம் என்றார். கூட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் மீதியை நானே பார்த்துக்கொண்டேன். ஷாமியானா, நாற்காலி, மைக் செட், பன்னிரண்டு அடியில் ஒரு ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் கடைக்காரன் கவனக்குறைவால் ராபின் படம் சின்னதாகவும் என் படம் பெரிதாகவும் வந்துவிட்டது, அதில் என் தவறு ஒன்றுமில்லை, கூலிங்கிளாஸ் போட்ட படத்தைக் கொடுத்தால் எந்தக் கலைஞனும் அதைப் பெரிதாகத்தான் போடுவான்.

ஞாயிறு காலை ஆட்டோவில் நாலு பெண்கள் இறங்கினார்கள். தமிழ்செல்வி ஃபிளெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னாண்ணே, நீங்களும் செத்துட்டீங்களா?" என்றார். "மொதல்ல அந்த மைக்கைப் புடுங்குங்க. பேஜாரா கீது." பிடுங்கினேன், பெரிய மனிதன் விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லவா. உள்ளே போய் ஷைனியைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெபம் இல்லை, பேச்சு இல்லை. வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கம் செத்த புருஷனைத் திட்ட ஆரம்பித்தார்களே பார்க்கணும்!

"என் ஊட்டுக்காரு ஈரத்துண்டைக் கட்டில் மேலயேதான் போடுவாரு."

"எங்காளு குறட்டை உட்டா பக்கத்து ஊட்ல சுவத்தத் தட்டுவாங்க."

எனக்குப் பகீரென்றது. வாசலில் தமிழ்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, தியாகிங்களை இப்படிப் பேசலாமா?" என்றேன்.

"வீரர்னு சொல்லத்தான் ஊரே கீதேண்ணே. அவரு துண்டைப் பத்தி நாங்க யார்கிட்ட சொல்றது? இதுதான் எங்க வழக்கம். நீங்க கம்முனு குந்துங்க."

குந்தினேன். முறை சுற்றி ஷைனியிடம் வந்தது. எல்லாரும் வெங்காயத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்தா தெருமுனையில் தீயணைப்பு வண்டி போக வேண்டும்? ராபின் போனதிலிருந்து அந்தப் பையன்கள் நம் தெரு வந்தால் மணியை அமர்த்திவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் அந்த இன்ஜின் சத்தம் இந்த வீட்டில் யாருக்குத் தெரியாது? ஷைனியின் கை புடவை முந்தானையைப் பிடித்து முறுக்கியது. உதடு வெளுத்தது. ஒரு பெண் எழுந்திருக்கப் பார்த்தாள், தமிழ்செல்வி கையைப் பிடித்து உட்கார வைத்தார். வண்டி போய்விட்டது, அவள் முந்தானையை விடவில்லை. என்னால் முடியவில்லை மருமகளே, எழுந்து நின்றுவிட்டேன்.

"எங்க ராபினு அப்படியாப்பட்ட ஆளு இல்ல! அந்தத் தீக்குள்ள பூந்து மூணு பேரை ஒரே தோள்ல தூக்கினு வந்தான்! ஊட்லருந்து கெளம்பும்போது பொண்டாட்டி தலைல கை வச்சி, போய்ட்டு வரேன் ஷைனின்னு சொல்லாம ஒரு நாளும் போனவனில்ல!"

"பொய் சொல்லாதீங்க மாமா."

யார் பேசியது என்று நானே சுற்றிப் பார்த்தேன்.

"மூணு பேரைத் தூக்கினாரா? ஒரு கேஸ் சிலிண்டரை உள்ள தூக்கி வைக்க மூணு நாளு கத்தணும் அந்த ஆளுகிட்ட!" என்றாள் ஷைனி. ஒரு பெண் சிரித்துவிட்டாள். ஷைனி சிரிக்கவில்லை. "சொல்லாமத்தான் போனாரு மாமா. போன் வந்துச்சி, ஓடினாரு. நான் மாவு அரைச்சிகினு இருந்தேன், கிரைண்டர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தா வாசல்ல செருப்பு இல்ல. சொல்லாமப் போய்ட்டாரு." அதற்கப்புறம் அழுதாள் பார், ஷாமியானாக்காரன் நாற்காலி எடுக்க வந்தவன் எடுக்காமல் போய்விட்டான். நாலு பேரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருத்தரும் அழாதே என்று சொல்லவில்லை. பிறகு தமிழ்செல்வி வெங்காயத்தை வதக்கினார், எல்லாரும் சாப்பிட்டோம். ஷைனி எனக்கு ரசம் ஊற்றும்போது, "உப்பு சரியா கீதா?" என்று கேட்டாள்.

இப்போது உனக்கு விளங்கியிருக்கும். அந்தப் பொய்யை நான் திட்டமிட்டே சொன்னேன். டாக்டர்களுக்குத் தெரியாத வைத்தியம் இது. ஆகவே நீ லீவை வீணாக்காதே, எல்லாம் உன் மாமன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நான் கல்லு மாதிரி இருக்கிறேன், என்னைப் பற்றியும் கவலை வேண்டாம். ஆண்டவர் உனக்கு நைட் டூட்டி இல்லாத வாரங்களைக் கட்டளையிடுவாராக.

இப்படிக்கு உன் தாய்மாமன்,
பாக்கியநாதன்

பின்குறிப்பு: அக்கா, நான் ஷைனி. விலாசத்தை இங்கிலீஷில் எழுத மாமா கடிதத்தை என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். காபியில் உப்பு வேண்டுமென்று போட்டதல்ல, அவருக்குச் சர்க்கரை டப்பா எதுவென்று தெரியாது. திட்டம் ஒன்றும் இல்லை, நான் படும் பாட்டைத் தாங்காமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார். நீ வா. என்னைக் கூட்டிப் போக வேண்டாம், அடுத்த ஞாயிறு எங்களோடு உட்கார வா. வரும்போது ராபினைப் பற்றி உனக்கு இருக்கும் ஒரு குறையை யோசித்துக்கொண்டு வா. நேற்று சாப்பிட்ட பிறகு தமிழ்செல்வி அக்கா மாமாவையும் ஒரு குறை சொல்லச் சொன்னார். ஊருக்கெல்லாம் கதை விடுகிற மனிதர், ராபின்மேல் ஒரு குறையைக்கூட இட்டுக்கட்ட வரவில்லை. அப்போது அழ ஆரம்பித்தவர், இப்போதும் வாசலில் அந்த ஃபிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டே அழுகிறார்.