பூட்டுக்கு ஓனர் கேட்ட மனிதர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதுவேன், முக்கியமானதை அடியோடு விட்டுவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் தைரியமாகச் சொல்வேன். திருத்தணி மலைமேல் நிற்கும் முருகனுக்கே ஓனர் யார் என்று கண்டுபிடித்துச் சொன்ன ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்.

ஊருக்கு அவர் ‘ஓனர்யாரு’. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பேர் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லித் தேடினால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ‘ஓனர்யாரு வீடு’ என்று கேட்டால் தெருவில் படுத்திருக்கும் மாடுகூட எழுந்து வழிகாட்டும்.

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பார். பிஸ்கட் பொட்டலம், சோப்பு, தண்ணீர் பாட்டில், எதுவானாலும் சரி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்து, அதிலிருக்கும் நம்பருக்குப் போன் போடுவார். “ஹலோ, திருத்தணிலேர்ந்து பேசறேன். பிஸ்கட்டு நல்லா கீது. ஓனர்கிட்ட சொல்லிடு.” நன்றாக இல்லாவிட்டால் அதையும் சொல்வார். அந்தப் போன் கொஞ்சம் நீளும்.

ஒருமுறை சென்னையிலிருந்து திரும்பும்போது திருப்பதி பஸ்ஸில் கண்டக்டரிடம் கேட்டுவிட்டார்.

“இந்த பஸ்ஸுக்கு ஓனர் யாருங்க?”

“கவர்மென்ட்டு.”

“கவர்மென்ட்டுக்கு?”

கண்டக்டர் சளைத்தவர் இல்லை. “ஜனங்கதான். நீதான்யா ஓனரு, போதுமா?”

“அப்படியா? அப்போ அந்த ஓரமா நிறுத்து. டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

கனகம்மாசத்திரத்தில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அங்கேயே டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி, அதே கேள்வியைக் கேட்டாராம்.

சாமி சமாசாரத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் கோயில் மடப்பள்ளியில் சமையல் வேலை பார்த்தவர், அவர் சொல்லித்தான் தெரியும். சன்னிதியில் நின்று, “இந்தக் கோயிலுக்கு ஓனர் யாருங்க சாமி?” என்று இவர் குருக்களைக் கேட்டிருக்கிறார். “தோ நிக்கறாரே, அவர்தான்” என்று குருக்கள் உள்ளே கை காட்டியிருக்கிறார். இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அவருக்கே இந்தப் பக்கம் ஒரு ஓனரம்மா, அந்தப் பக்கம் ஒரு ஓனரம்மா. அவரு தனியா இன்னா முடிவு எடுப்பாரு, பாவம்” என்றாராம். குருக்கள் சிரித்த சிரிப்பில் விபூதித் தட்டு கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பாதியில் எழுந்துவிட்டார்.

ஏன் இப்படி என்று நான் ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். “திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும்க்கா. அவ்ளோதான்” என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. இவர் முன்னே எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் கேபிள் டிவி கொடுத்துவந்தார். ஓர் ஆடிக் கிருத்திகை. ஊர் முழுக்கக் காவடி. மலை ஏற முடியாதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். திடீரென்று எல்லா வீட்டு கேபிள் பெட்டியும் பூட்டிக்கொண்டது, திரை முழுக்க நீலம். பெட்டிக்குப் பூட்டு போட்ட கம்பெனிக்குப் போன் செய்தால், “அதை நாங்க வித்துட்டோம் சார்” என்றார்கள். வாங்கினவர்களைப் பிடித்தால், “நாங்க இன்னும் முழுசா வாங்கலை சார்” என்றார்கள். சாயங்காலம்வரை ஊரே இவரைத் திட்டியது. “அத்தினி பேரும் என்னத் திட்டினாங்கக்கா. நான் யாரைத் திட்டறது? சுவத்தையா?” படுக்கையில் கிடந்த அவர் அம்மா மட்டும் திட்டவில்லை. அந்த நீலத் திரையைப் பார்த்தே கும்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

அதற்கப்புறம் கேபிளை விட்டுவிட்டு, வீட்டின் முன்பக்கத்தில் கேம் சென்டர் வைத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கார் வெடிப்பதும் துப்பாக்கி சுடுவதும் என் பூஜை அறையில் கேட்கும். சாயங்காலம் நான் போண்டா போட்டுக் கொடுத்தனுப்புவேன். பையன்களும் வருவார்கள், போவார்கள். பிறகு எல்லோர் கையிலும் பெரிய பெரிய போன் வந்தது. கடை காற்றாடியது.

அவர் சம்சாரம் கோமளா கெட்டிக்காரி. “இந்த வருசத்துக்குள்ள கட நிமிரல, மூடிட்டு செருப்பு ஸ்டாண்டு வெச்சிடுவேன்” என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். மலை ஏறுகிறவர்கள் செருப்பை எங்கேயாவது விட்டுத்தானே ஆகவேண்டும்? அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். அந்தக் கடைதான் அவருக்கு எல்லாம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஏதோ பெரிய விளையாட்டுப் போட்டியாம். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் சேர்த்து இவர் கடையில் நடத்துவார்களாம். புது கம்ப்யூட்டர்கள் கொண்டுவந்து வைத்து, போட்டி முடிந்ததும் கடைக்கே விட்டுவிட்டுப் போவார்களாம். கோமளா அவருக்குப் பாயசமே வைத்துவிட்டாள். போண்டா நான் கொண்டுபோனேன். கதவோரம் நின்று எல்லாம் கேட்டேன்.

“நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்” என்றார் அந்தத் தம்பி.

“ஆங், சொல்லலாம். அந்த கேமுக்குள்ள ஒரு பூட்டு கீதாமே?”

பையன்கள் பிறகு சொல்லித்தான் எனக்கு அது புரிந்தது. விளையாட்டைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுத்துவிடாமல் இருக்க அதற்குள்ளேயே ஒரு பூட்டு வைத்து விற்கிறார்களாம். விளையாட்டைச் செய்பவர் ஒருவர், பூட்டைச் செய்பவர் வேறொருவர். அந்தப் பூட்டு நம் கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு, நடுநடுவே தன் கம்பெனியைக் கேட்டுத்தான் திறக்குமாம்.

“அது சாதாரணமா எல்லா பெரிய கேம்லயும் இருக்கிறதுதான் சார்.”

“இருக்கட்டும். பூட்டுக்கு ஓனர் யாரு?”

கோமளா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அது ஒரு வெளிநாட்டு கம்பெனி சார்.”

“அதுக்கு?”

“அதை டிவி பெட்டிக்குப் பூட்டு போடற ஒரு கம்பெனி வெச்சிருந்தாங்க...”

இவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “யக்கா, கேட்டியா! அவன்தான்! கிருத்திகை அன்னிக்கு நீலத்தைக் காட்டினவன்!” அது அதே கம்பெனிதானா என்று எனக்குத் தெரியாது. அவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

“இப்ப அவங்க இல்ல சார். வேற ஒரு குரூப் வாங்கிட்டாங்க.”

“அந்த குரூப்புக்கு?”

டை கட்டிய தம்பி தன் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார். கடையில் இருந்த பாலிடெக்னிக் பையன்கள் போனைத் தடவிக்கொண்டே அவருக்குப் பதிலாகச் சொன்னார்கள். “உலகம் பூரா இதுதாண்ணா சண்டை. அந்த குரூப்புல பணம் போட்டிருக்கறவங்க, அடுத்தவங்க போன்ல பேசறத ஒட்டுக்கேக்கற மெஷின் செய்யறவங்களாம். நம்ம கம்ப்யூட்டர்ல குந்திகினு இருக்கற பூட்டு அவங்க கைல போய்டுச்சேன்னு எல்லாரும் கத்திகினு கீறாங்க.”

“அதெல்லாம் நெட்ல பேசறது சார்” என்றார் அந்தத் தம்பி. “ஓனர் மாறினாலும் பூட்டுல எதுவும் மாறலைன்னு கம்பெனியே சொல்லிடுச்சு.”

“கம்பெனிக்கு வாய் கீதா தம்பி? சொன்ன ஆளு யாரு?”

“கம்பெனி சார்பா...”

“மலை ஏறினா கடைசில சாமியாச்சும் கீது. நீ சொல்றதுல ஏற ஏற ஆளையே காணோமே. நான் ஒண்ணும் பெருசா கேக்கல. அந்தப் பூட்டு கெட்டுப்போனாலோ, என் கடைக்குள்ள எட்டிப் பாத்தாலோ, நான் திட்டறதுக்கு ஒரே ஒரு மனுசன் பேரு. போன எடுக்கற மனுசன். சொல்லு, இப்பவே சரின்னுடறேன்.”

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கோபப்படவில்லை. தன் மேலாளருக்குப் போன் போட்டார். அவர் பெங்களூருக்குப் போட்டார். பெங்களூர்க்காரர் இன்னும் எங்கேயோ போட்டார். ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்ல, போனில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. போண்டா ஆறியது. கோமளாவுக்கு அந்த மெட்டு மனப்பாடமாகி முனகவே ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் ஒரு பெண் குரல், “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்றது.

“முக்கியம்னு சொல்றியேம்மா, நீ யாரு?” என்று கேட்டார் இவர்.

மறுபடியும் பாட்டு.

போட்டி அரக்கோணத்தில் ஒரு கடைக்குப் போய்விட்டது.

கோமளா அவரோடு பேசவில்லை. பாத்திரங்கள் பேசின. டீக்கடையில், “எவன் ஓனரா இருந்தா இவனுக்கு இன்னாவாம்? வர்ற லட்சுமிய எட்டி உதைச்சிட்டான்” என்றார்கள். இவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு பலகை வாங்கிவந்து, தானே பெயிண்ட் அடித்துக் கடை வாசலில் மாட்டினார்.

‘இங்குள்ள விளையாட்டுகளுக்குப் பூட்டு இல்லை. இந்தக் கடைக்கு ஓனர் நான். திட்ட விரும்புவோர் உள்ளே வரவும்.’

அதன்கீழே, அரக்கோணம் போட்டி நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை இங்கும் ஒரு போட்டி உண்டு என்று எழுதியிருந்தார். லாரி ஓட்டும் பழைய விளையாட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதைச் செய்தது கோயம்புத்தூரில் ஒரே ஒருவர். எப்போதோ அவருக்கும் போன் போட்டு, “லாரி ஓட்டினவன் எவனாவது இந்த கியர் சத்தத்தைக் கேட்டா அழுதுடுவான்யா” என்று திட்டியிருக்கிறார். அவரும் திட்டு வாங்கிக்கொண்டு, சத்தத்தைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். “பாத்தியாக்கா, ஆளு இருந்தா வேலை நடக்குது” என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பையன்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் அரக்கோணத்துக்கு ரயில் ஏறிவிட்டார்கள். இவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காலிக் கடையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தைச் சன்னல் வழியாகப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போண்டாத் தட்டோடு போனேன். எனக்கு முன்னால் கோமளா உள்ளே நுழைந்தாள்.

“யோவ், திட்டறவங்க வரலாம்னு எழுதிகீற இல்ல? வந்துட்டேன்.”

“வா, குந்து. குந்திகினே திட்டு.”

உட்கார்ந்த இடம் ஸ்டியரிங் முன்னால். “மொதல்ல இத எப்படி ஓட்டறதுன்னு காட்டு. அப்புறம் வெச்சிக்கறேன்” என்றாள். காட்டினார். லாரி நேராகப் போய் ஆற்றில் விழுந்தது. “இன்னாய்யா பிரேக்கு இது!” என்று திட்டிவிட்டு மறுபடியும் கிளப்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பூக்கடை முனியம்மா வந்தாள். மொட்டை போடப் போன வீட்டுக்காரர்களுக்காகக் காத்திருந்த ஆந்திரா பெண்கள் கூட்டமாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெரியம்மா, லாரியை இடது பக்கம் திருப்பச் சொல்லித் தெலுங்கில் போட்ட சத்தத்தில் எங்கள் சுவர் அதிர்ந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு லாரியாக ஆற்றில் விழுந்தது.

“யக்கா, நீ குந்து” என்றார் இவர்.

“ஐயோ, வேணாம் தம்பி. எனக்குக் கை நடுங்கும்.”

“அது லாரிக்கு எப்படித் தெரியும்? குந்துக்கா.”

நான் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கொண்டு போகிறவள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று உடம்பே கூசியது. பயத்தில் லாரியை நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். மாடு வந்தால் நிறுத்தினேன். பாலம் வந்தால் இன்னும் மெதுவாக. “இன்னாக்கா, மாட்டு வண்டியா ஓட்டற!” என்று கோமளா கத்தினாள். ஆனால் அன்றைக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்த லாரி என்னுடையது ஒன்றுதான்.

ஜெயித்தவர் பேரை எழுதச் சொல்லித் திரை கேட்டது. இவர் கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “யக்கா, உன் பேரு இன்னா?” அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் அவருக்கு வெறும் அக்காதான். தெருவுக்கு நான் மடப்பள்ளிக்காரர் சம்சாரம். காதோடு காதாகச் சொன்னேன். அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துக்கொண்டு, பெரிய எழுத்தில் அடித்தார்.

பொய் சொல்லக் கூடாது. அரக்கோணத்தில் போட்டி நன்றாகவே நடந்ததாம். பூட்டு யாரையும் ஒன்றும் செய்யவில்லையாம். பையன்கள் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள். ஆனால் எங்கள் கடையும் மூடவில்லை. மத்தியானத்தில், வேலை ஒழிந்த நேரத்தில், பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போது கோமளாதான் யாருக்கு அடுத்த முறை என்று சத்தம் போட்டு ஒழுங்கு செய்கிறாள். செருப்பு ஸ்டாண்டு பேச்சே இல்லை. டை கட்டிய தம்பி எப்போதாவது போன் செய்கிறார். “இன்னும் கேட்டுகிட்டுதான் சார் இருக்கேன். யார்னு தெரியலை” என்கிறாராம். உலகமெல்லாம் போனில் கத்திய விஷயத்தை முகத்துக்கு நேரே கேட்டு, பதில் வராமல் தலையாட்ட மாட்டேன் என்று இருந்தவர் எங்கள் தெருக்காரர். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் பேர் எழுதிய அந்தக் கம்ப்யூட்டரை அவர் அணைப்பதே இல்லை. அணைத்தாலும் பேர் அழியாது என்று பையன்கள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். “எதுக்கு வம்பு” என்கிறார்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொன்னால் நல்லது. கம்பெனிகளை நான் முன்பின்னாக எழுதியிருப்பேன். அந்தப் பூட்டு இதற்குள் இன்னொரு கை மாறியும் இருக்கலாம். தான் விட்டுக்கொடுத்ததால்தான் நான் ஜெயித்தேன் என்று கோமளா சொல்லித் திரிகிறாள், அதையும் கொஞ்சம் விசாரியுங்கள். ஆனால் அவரைப் பற்றி நான் எழுதியதை யாரும் சரிபார்க்க வேண்டாம். அது சரிதான்.