ஒட்சிசன் இல்லாத தண்ணீர்

உலக இரசாயனத்தின் மாபெரும் பிழையைத் திருத்திய பெருமை எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தையே சாரும். அங்கே தொண்டர் ஆசிரியையாக வரச்சொல்லி என்னைக் கேட்க, தலைவரும் செயலாளரும் எங்கள் வீட்டுக்கே வந்து, ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுப் போன பெருந்தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நன்றி மறக்கமாட்டேன்.

மன்னாரில் விஞ்ஞான தினப் போட்டி. அணுக்கள் எப்படிப் பிணைகின்றன என்று பிள்ளைகளையே நிறுத்திக் காட்ட ஏற்பாடு செய்தேன். நடுவில் ஒட்சிசன், இரு பக்கமும் ஐதரசன். இலத்திரனைப் பங்கிட்டுக் கைகோத்தால் தண்ணீர். ஒட்சிசன், வேணுஜா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் பகுதிப் பிள்ளை. நித்திரையிலும் வசனம் சொல்லுவாள்.

போட்டிக்கு முதல் நாள் சங்கம் 'அவசரமாக'க் கூடியது.

"பிள்ளை, ஐதரசன் ரெண்டும் ஆர்?" என்றார் தலைவர் சீவரத்தினம்.

"ஒண்டு உங்கட பேத்தி, ஐயா. மற்றது செயலாளர் அம்மாவின்ர மகள்."

தலைவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"கை கோக்கத்தான் வேணுமோ? பக்கத்தில நிண்டாக் காணாதோ?"

"பக்கத்தில நிண்டா வெறும் காத்து, ஐயா. பிணைஞ்சாத்தான் தண்ணி."

"நாங்கள் சாதி பாக்கிறேல்லை," என்றார் செயலாளர் மனோன்மணி. "சனம் கதைக்கும், அதுதான்."

"ஒருத்தரோடையும் சேராத அணு ஒண்டும் இல்லையோ?" என்றார் தலைவர்.

"இருக்கு. ஈலியம். விழுமிய வாயு எண்டு சொல்லுறது."

"விழுமிய! எவ்வளவு மரியாதையான பேர்! அதை அந்தப் பிள்ளைக்குக் குடுங்கோ."

பதவி உயர்வு ஏகமனதாக நிறைவேறியது. ஒட்சிசனின் வசனம் வேறு எவருக்கும் பாடமில்லை. ஆகவே ஒட்சிசன் இல்லாமலே தண்ணீர் செய்வதென்றும் தீர்மானமானது.

"டீச்சர், நான் வசனம் பிழையாவா சொன்னன்?" என்று வேணுஜா கேட்டாள். அவளுக்குக் கடதாசிக் கிரீடம் ஒன்று ஒட்டிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

மறுநாள் மேடையில் இரண்டு ஐதரசன்களும் கைகோத்து, "நாங்கள் தண்ணீர்" என்று கும்பிட்டன.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒட்சிசன் எங்க?"

"இஞ்ச, சேர்!" மூலையிலிருந்து கிரீடம் கை உயர்த்தியது.

மண்டபம் சிரித்தது. சீவரத்தினம் என்னிடம் பாய்ந்து வந்தார். "தண்ணி காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டு எங்கட மானத்தை வாங்கிப்போட்டீர், பிள்ளை!"

"கோவிக்காதேங்கோ, ஐயா. உங்களுக்குத் தண்ணி தேவைப்படும் எண்டு நான் நினைக்கேல்லை. எங்கட வீட்டுக்கு வந்தா மூடி உடைக்காத சோடாதானே கேட்டுக் குடிக்கிறனீங்கள்."