இருபதாவது ஒன்று

என் இடது முன்கையில் வரிசையாக இருபத்து மூன்று கோடுகள் பச்சை குத்தியிருக்கின்றன. ஜெயிலில் கழித்த வருஷக் கணக்கு என்று நினைத்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சற்று நகர்ந்துகொள்வார்கள். (எனக்கும் வசதிதான்.) உண்மைக் காரணம் அதைவிடக் கேவலமானது.

அப்போது நான் திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் கணக்கு லெக்சரர். வயது இருபத்தெட்டு, மண்டைக்கனம் எண்பது கிலோ. பையன்களெல்லாம் கையில் நடிகர்களைக் குத்திக்கொண்டு திரிந்தபோது, நான் ஒரு எண்ணைக் குத்திக்கொள்ள முடிவு செய்தேன். ஒன்றைப் பத்தொன்பது முறை அடுத்தடுத்து எழுதினால் வருகிற பிரம்மாண்டமான எண் ஒரு பகா எண். அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஒரு ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அந்தப் பெருமை போய்விடும்.

அலிபிரி பக்கத்தில் பச்சை குத்தும் கடையில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, ஊசி பட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பிறகும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதெல்லாம் மளிகைக்கடை வேலை, நான் தியரி ஆள்!

அடுத்த வாரம் நகரியில் பெண் பார்க்கப் போனோம். கோமதிக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை. போட்டோவைப் பார்த்தே நான் விழுந்திருந்தேன். ஏற்கெனவே மூன்று வீடுகளில் கேசரியோடு திருப்பி அனுப்பப்பட்டவன். இவளும் வேண்டாமென்றால் தாங்க மாட்டேன் என்றுதான் இருந்தது.

அவள் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர். "தம்பி, கையில சீப்பு மாதிரி இன்னா அது?" என்றார்.

அவ்வளவுதான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். "கோடி கோடிக்கு மேல போற நம்பர் மாமா. ஆனா எதால வகுத்தாலும் உடையாது!"

காபித் தட்டோடு நின்றிருந்த கோமதியின் உதடுகள் அசைந்தன.

"ஏங்க, இது உடையுதே."

"சான்ஸே இல்லைங்க."

"பேக்கிங்ல நாங்க ரெண்டு ரெண்டாதான் எண்ணுவோம். இது ஜோடி ஜோடியா வருது, மிச்சமே இல்ல. ஒவ்வொரு ஜோடியும் பதினொண்ணு. அப்போ மொத்தமும் பதினொண்ணால போயிடும். இருபது ஒண்ணு குத்திக்கினு வந்திருக்கீங்க."

எண்ணினேன். இருபது. மறுபடி எண்ணினேன். அப்போதும் இருபதுதான்.

என் நைனா தலையில் கை வைத்தார். "கணக்கு வாத்தியாருன்னு சொல்லித்தானடா உன்ன இட்டாந்தேன்!"

கேசரியை முடிக்காமலே கிளம்பினோம். பச்சை குத்தியவனைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவன் அசரவே இல்லை. "பத்தொம்பதுன்னா ஒரு பக்கம் காலியா இருந்திச்சிண்ணா. இப்போ ரெண்டு பக்கமும் பத்து பத்து. பாகுந்தி கதா, நல்லா இருக்குதில்ல!"

மூன்றாம் நாள் கோமதியிடமிருந்து போன். "அழிக்க முடியாதுன்னா, சேத்துக்க முடியுமா?"

"முடியும். இருபத்து மூணு ஒண்ணு இருந்தாலும் பகா எண்தான்."

"அந்த ஆளு மூணுக்குப் பதிலா நாலு போட்டுட்டா?"

"அதுக்கப்புறம் முந்நூத்திப் பதினேழு ஒண்ணுலதான் பகா எண் வரும்."

மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம். "உடம்புல எடம் பத்தாதுங்க. நானும் கூட வரேன்" என்றாள்.

அன்றைக்குக் கடையில் ஊசிக்காரனுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு. போதும், ஊசியக் கீழ வை!" நான் வலி மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த ஜென்மத்துக்கு இவள் போதும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கல்யாணமாகி ஆறு வருஷம். நான் எதையாவது பீற்றிக்கொள்ள ஆரம்பித்தால், "முதுகு இன்னும் காலியாத்தான் இருக்குது" என்பாள் கோமதி. மாமனார் அதைவிட மோசம். ஒவ்வொரு பொங்கலுக்கும் மூக்குக் கண்ணாடியை மாட்டி, என் கையை மடியில் இழுத்து வைத்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். போன பொங்கலில் இருபத்திரண்டில் நின்றுவிட்டார். அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணி இருபத்து மூன்றுக்கு வந்த பிறகுதான், "மாப்ளைக்கு எல போடுங்க" என்றார்.